அட்டையை மாற்றினோம், ஆயிலை மாற்றவில்லை!

2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு. 'ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்துகொண்டிருக்கிறது' என்ற வரியை போனில் டைப் செய்துகொண்டிருந்தேன். டிஜிட்டல் டெஸ்க் வேலை. ஊருக்கு வந்த இடத்தில் புயலில் மாட்டிக்கொண்டதால், அன்றைய லைவ் அப்டேட்டில் பாதி பண்ருட்டிப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டு நடையில் உட்கார்ந்தபடியே போனது. அந்த வரியை முடிப்பதற்குள், பின்பக்கக் கொட்டகையில் ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டர் பட்டென்று நின்றது.

அடுத்த நொடி, உள்ளறையில் இருந்து 'பீப்' சத்தம். ஆயாவின் ஆக்சிஜன் மெஷின்.

ஆயா என்றால் அப்பாவின் அம்மா. 78 வயது. ஐம்பது வருடம் விறகடுப்பை ஊதி ஊதியே நுரையீரல் பாழானது. வீட்டிலேயே ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் வைத்து, நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அந்த மெஷின் ஓட கிட்டத்தட்ட 350 வாட் வேண்டும். அன்று சாயங்காலம் 4 மணிக்கே கரன்ட் போய்விட்டது. 'அதான் ஜெனரேட்டர் இருக்கே' என்ற தைரியத்தில் இருந்தோம்.

அவசரத்துக்கு ஒரு சின்ன சிலிண்டரும் இருந்தது. அப்பா டியூபை அதற்கு மாற்றினார். டார்ச் அடித்துப் பார்த்தால் முள் பாதிக்கும் கீழே நின்றது. முழு சிலிண்டர் என்றால் அந்த அளவில் 12 மணி நேரம் வரும். இது எவ்வளவு நேரம் வரும் என்று அம்மா விரல் விட்டுக் கணக்குப் போட்டார். ஐந்து மணி நேரம். விடிந்தால்தான் ரோடு எப்படி இருக்கிறது என்றே தெரியும்.

அப்பா ஜெனரேட்டர் கயிற்றை இழுத்தார், இழுத்தார், இழுத்துக்கொண்டே இருந்தார். பெட்ரோல் இருந்தது. பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினார். கார்ப்பரேட்டரில் அடைப்பு என்றார். கயிற்றை இழுக்கும்போதெல்லாம் சுவிட்ச் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கியது. அது எதற்கு என்று எங்கள் மூவருக்கும் தெரியவில்லை. தமிழ்நாடு முழுக்க எங்கே மழை, எங்கே காற்று என்று நிமிடத்துக்கு நிமிடம் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, எங்கள் வீட்டு மெஷினில் எரியும் விளக்குக்கு அர்த்தம் தெரியவில்லை. ஆயா மட்டும் கட்டிலில் சாய்ந்தபடி, "ஒண்ணுமில்ல, பதறாதீங்க" என்றார். பேசினால் மூச்சு வாங்கும் என்பதால் அதோடு நிறுத்திக்கொண்டார்.

எதிர்வீட்டு அண்ணன் டூவீலர் மெக்கானிக். மழைக்கோட்டு போட்டுக்கொண்டு வந்தவர், கயிற்றைத் தொடவே இல்லை. அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்தார். குனிந்து ஒரு மூடியைத் திருகிக் கழற்றி, அதிலிருந்த குச்சியை டார்ச் வெளிச்சத்தில் பிடித்தார். நுனியில் தார் மாதிரி ஏதோ கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"ஆயில் கடைசியா எப்ப மாத்துனீங்க மாமா?"

அப்பா யோசித்தார். "சின்னவன் அப்ப பத்தாவது படிச்சிட்டிருந்தான்…"

என் தம்பி இப்போது வேலைக்குப் போகிறான்.

ஆயில் அளவு குறைந்தால் இன்ஜினைத் தானாக நிறுத்திவிடும் சென்சார் அதில் இருக்கிறது. அந்தச் சிவப்பு விளக்கு அதைத்தான் சொல்லியிருக்கிறது. "இது நின்னது நல்லது. நிக்காம ஓடியிருந்தா பிஸ்டன் புடிச்சிருக்கும், மொத்தமா போயிருக்கும்" என்றார் அண்ணன். இன்ஜின் சூடாக இருக்கும்போதே ஆயிலை இறக்கினால்தான் அழுக்கும் சேர்ந்து வருமாம். அடியில் ஒரு தட்டை வைத்து இறக்கினார். 600 மில்லி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு டம்ளர் தேறியிருக்கும். ஷெட்டுக்குப் போய், கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு ஊற்றும் ஆயில் பாட்டில் ஒன்றை எடுத்து வந்தார். அளந்து ஊற்றிவிட்டு இழுத்தார். இரண்டாவது இழுப்பில் ஓடியது.

சாரல் அடிக்கிறதே என்று, மெஷினை வீட்டுக்குள் நடையில் இழுத்து வைக்கலாமா என்று அப்பா கேட்டார். அண்ணனுக்குக் கோபமே வந்துவிட்டது. "உள்ள வச்சீங்கன்னா காலையில யாரும் எழுந்திரிக்க மாட்டீங்க மாமா" என்றார். பெட்ரோல் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. கொட்டகைக்கு மேலேயே ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டி, புகை போகும் பக்கத்தைத் திறந்துவிட்டார். புயல், மழை என்று ஜெனரேட்டரை வீட்டுக்குள் கொண்டுவர யாராவது நினைத்தால் தயவுசெய்து இந்த ஒரு பத்தியை மட்டுமாவது அவருக்கு அனுப்புங்கள்.

அந்த ஜெனரேட்டரின் கதை 2011-ல் தொடங்குகிறது. அந்த ஆண்டு டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் கடலூரைப் புரட்டிப்போட்டபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. எங்கள் தெருவுக்குக் கரன்ட் வரப் பல நாள் ஆனது. அதற்கடுத்து 2012. அந்த வருட மின்வெட்டை நம் மாவட்டங்களில் யாரும் மறந்திருக்க முடியாது. கரன்ட் இருக்கும் நேரத்தைவிட இல்லாத நேரம்தான் அதிகம். அப்பா சீட்டுப் பணத்தை எடுத்து இந்த 2 கே.வி.ஏ. பெட்ரோல் ஜெனரேட்டரை வாங்கினார். அப்போது தினமும் ஓடியது. அப்பாவே ஆயில் மாற்றினார், பிளக் துடைத்தார், பக்கத்து வீடுகளுக்குத் தண்ணீர் ஏற்றக்கூடக் கொடுத்தார்.

பிறகு மின்வெட்டு குறைந்தது. ஜெனரேட்டர் கொட்டகையின் மூலைக்குப் போனது. வருடத்துக்கு ஒருமுறை ஆயுத பூஜைக்கு மட்டும் அதைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவோம். 'ஓடுது, நல்லாத்தான் இருக்கு' என்று அப்பா திருப்தியாகத் தலையாட்டுவார்.

மெஷினுக்கு அடியில் எப்போதும் ஓர் அட்டை கிடக்கும். எண்ணெய் சொட்டித் தரை பாழாகிறது என்று அம்மா போட்டது. நனைந்துபோனால் வேறு அட்டை மாற்றுவார். ஆறேழு வருடம் இது நடந்திருக்கிறது. சொட்டியது ஆயில் என்று எல்லோருக்கும் தெரியும். சொட்டினால் உள்ளே குறையுமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"ஓடாத மெஷினுக்கு எதுக்குண்ணே ஆயில் மாத்தணும்?" என்று மறுநாள் காலையில் கேட்டேன். ஆயா தூங்கிக்கொண்டிருந்தார், மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் கேட்கத் தெம்பு வந்திருந்தது.

அண்ணன் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். பெட்ரோல் எரியும்போது புகையோடு நீராவியும் உண்டாகும். அதில் கொஞ்சம் பிஸ்டன் ஓரமாகக் கசிந்து ஆயிலில் கலக்கும். கூடவே எரியாத பெட்ரோலும் கலக்கும். இன்ஜின் லோடோடு அரை மணி நேரம் நன்றாகச் சூடேறி ஓடினால் இந்த ஈரம் ஆவியாகி வெளியே போய்விடும். ஐந்து நிமிடத்தில் நிறுத்தினால் உள்ளேயே தங்கிவிடும். ஆயில் புளித்துப்போகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் இரும்பு துருப்பிடிக்கும். ஆக, நாங்கள் வருடா வருடம் ஆயுத பூஜைக்குச் செய்த ஐந்து நிமிட மரியாதை, அந்த மெஷினுக்குச் செய்த கெடுதல்!

பரணில் ஏறி, பழைய கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவில் இருந்து ஜெனரேட்டரின் கையேட்டை எடுத்தேன். 12 வருடத்தில் முதல் முறையாக அதை முழுக்கப் படித்த ஆள் நான்தான். புது மெஷினுக்கு முதல் 20 மணி நேரத்தில் ஆயில் மாற்ற வேண்டும். அதன்பின் 100 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது 6 மாதத்துக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது. இந்த 'அல்லது'வைத்தான் எங்கள் வீடு கவனிக்கவில்லை. ஓடாத வீட்டு ஜெனரேட்டருக்கு மணிக்கணக்கு எப்போதும் வராது, காலண்டர் கணக்குதான்.

அதே வரியைப் புயல் நேரத்தில் திருப்பிப் படித்துப் பாருங்கள். 100 மணி நேரம் என்பது நான்கு நாளும் நான்கு மணி நேரமும். தானே மாதிரி ஒரு புயலில் ஜெனரேட்டர் ராப்பகலாக ஓடினால், ஐந்தாம் நாளே ஆயில் மாற்ற வேண்டும். அப்போது எந்தக் கடை திறந்திருக்கும்? மெழுகுவத்தி, பால் பவுடர், பெட்ரோல் எல்லாம் வாங்கி வைக்கும் நாம், ஒரு லிட்டர் ஆயில் வாங்கி வைப்பதில்லை.

சரி, எந்த ஆயில்? இதைக் கேட்டுக்கொண்டு கடைக்குப் போனபோதுதான் குழம்பிப்போனேன். ரேக் நிறைய டப்பா. ஒவ்வொன்றிலும் ஓர் எண். கடைக்காரர் இருப்பதிலேயே விலை அதிகமானதைக் கையில் கொடுத்து, "இதான் டாப்பு, கண்ண மூடிக்கிட்டு ஊத்தலாம்" என்றார். கண்ணை மூடிக்கொண்டு ஆயில் வாங்கக் கூடாது என்பதுதான் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம்.

டப்பாவில் '10டபிள்யூ-30' என்று இருந்தால், 'டபிள்யூ' என்பது ஆங்கிலத்தில் குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதை அதற்கு முன்னால் இருக்கும் எண் சொல்லும், எண் சிறியது என்றால் குளிரிலும் இளகி ஓடும். பின்னால் இருக்கும் 30 அல்லது 40, இன்ஜின் சூடாகி ஆயில் 100 டிகிரியில் இருக்கும்போது எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பது. பண்ருட்டியில் மார்கழிக் குளிருக்கு நாம் ஸ்வெட்டர் போடலாம், ஆயில் உறைந்துபோகாது. நமக்கு முக்கியம் பின்னால் இருக்கும் எண். அதற்காக, 'வெயில் ஊரு, கெட்டியாவே ஊத்து' என்று நாமாக 40, 50 என்று ஏற்றுவதும் தவறு. இன்ஜினுக்குள் இருக்கும் இடுக்குகளின் அளவைப் பார்த்துத்தான் கம்பெனிக்காரர் எண்ணைச் சொல்லியிருக்கிறார். எங்கள் கையேட்டில் 10டபிள்யூ-30 என்று இருந்தது. அன்று இரவு அண்ணன் ஊற்றிய ஸ்கூட்டர் ஆயிலும் அதே 10டபிள்யூ-30. யோசித்துத்தான் எடுத்து வந்திருக்கிறார் மனிதர்!

இன்னோர் இரண்டெழுத்தும் டப்பாவில் இருக்கும். 'எஸ்' என்று தொடங்கினால் பெட்ரோல் இன்ஜினுக்கு. எஸ்.எல்., எஸ்.என்., எஸ்.பி. என்று எழுத்து முன்னேற முன்னேற புதிய தரம். 'சி' என்று தொடங்கினால் டீசலுக்கு. சி.எச்.-4, சி.ஐ.-4 என்று போகும். இரண்டுமே போட்டிருக்கும் டப்பாக்களும் உண்டு. கையேட்டில் சொன்னதோ, அதைவிடப் புதியதோ போதும், அதற்கு மேல் கொடுக்கும் காசு வீண். முழு சிந்தெடிக் ஆயில் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால், எப்படியும் ஆறு மாதத்தில் இறக்கப்போகிற 600 மில்லிக்கு, சாதாரண நல்ல ஆயிலைத் தேதி தவறாமல் மாற்றுவதே மேல் என்பது என் முடிவு. சில்லறையில் அளந்து ஊற்றித் தரும் லூஸ் ஆயில் மட்டும் வேண்டவே வேண்டாம். டிரம்முக்குள் என்ன இருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாது.

ஆயிலோடு ஆயில் ஃபில்டரும் கொடுங்கள் என்று கேட்டேன். மெஷின் என்ன மாடல் என்று கேட்டுவிட்டு, கடைக்காரர் சிரித்தார். "இதுக்கு ஆயில் ஃபில்டரே கெடையாதும்மா!"

உண்மைதான். எங்களுடையது போன்ற சின்ன ஜெனரேட்டர்களில் பெரும்பாலும் ஆயில் பம்பும் இல்லை, ஃபில்டரும் இல்லை. உள்ளே சுற்றும் பாகமே ஆயிலை வாரி இறைத்து எல்லா இடத்தையும் நனைக்கிறது. அழுக்கை வடிகட்ட ஆளே இல்லாததால்தான் அத்தனை சீக்கிரம் மாற்றச் சொல்கிறார்கள். அதில் இருப்பது ஏர் ஃபில்டர் மட்டும். எங்கள் ஏர் ஃபில்டரின் மூடியைத் திறந்தபோது, உள்ளே இருந்த ஸ்பான்ஜ் கை பட்டதும் ரவை மாதிரி உதிர்ந்தது. அதை 50 மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்து, சுத்தமான ஆயிலில் நனைத்து, நன்றாகப் பிழிந்து மாட்ட வேண்டுமாம். அந்த ஆயில் பசையில்தான் தூசி ஒட்டும். புது ஸ்பான்ஜின் விலையைக் கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது. நான் சென்னையில் ஒருவேளை சாப்பாட்டுக்குக் கொடுப்பதைவிடக் குறைவு.

ஆயில் ஃபில்டரின் அருமையை சித்தப்பா வீட்டில் தெரிந்துகொண்டேன். நெய்வேலிப் பக்கம் இருக்கிறார். பெரிய வீடு, 7.5 கே.வி.ஏ. டீசல் ஜெனரேட்டர். எங்கள் கதையைக் கேட்டதும் பொங்கலுக்கு முன்பே தன் மெஷினுக்கு சர்வீஸ் செய்ய இறங்கிவிட்டார். யூடியூபில் பார்த்துத் தானே செய்வது அவர் பழக்கம். 15டபிள்யூ-40, சி.ஐ.-4 டீசல் ஆயில் வாங்கினார், அது சரி. ஃபில்டருக்கு ஜெனரேட்டர் மேல் ஒட்டியிருந்த கம்பெனி பெயரைச் சொல்லியிருக்கிறார். கடையில் இல்லை என்றார்கள். அப்புறம்தான் தெரிந்தது, ஜெனரேட்டரின் பெயர் ஒன்று, உள்ளே இருக்கும் இன்ஜினின் பெயர் வேறு. ஃபில்டர் கேட்க இன்ஜின் மேல் அடித்திருக்கும் தகட்டில் உள்ள மாடலைத்தான் சொல்ல வேண்டும். "மரை ஒண்ணுதான் சார், இது ஏறிக்கும்" என்று ஒருவர் வேறு ஃபில்டரை நீட்ட, சித்தப்பா நல்லவேளையாக வாங்கவில்லை.

ஏன் என்பதை எங்கள் மெக்கானிக் அண்ணன் பிறகு ஒரு பழைய ஃபில்டரை அறுத்துக் காட்டினார். உள்ளே மடிப்பு மடிப்பாக விசிறி போல ஒரு காகிதம். அதன் வாயில் ஒரு ரப்பர் வளையம். இன்ஜின் நின்றதும் ஆயில் முழுக்கக் கீழே வடிந்துவிடாமல் ஃபில்டருக்குள் பிடித்து வைக்கும் வால்வு அது. மாதக்கணக்கில் நின்றுவிட்டுத் திடீரென்று ஸ்டார்ட் ஆகும் ஜெனரேட்டருக்கு அந்த ரப்பர்தான் உயிர். இன்னொரு சின்ன வால்வு, காகிதம் அடைத்துக்கொண்டால் அழுக்கு ஆயிலாவது போகட்டும் என்று வழிவிடும். மரை பொருந்துகிற மலிவு ஃபில்டரில் இந்த வால்வுகள் சரியாக இருக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

சரியான ஃபில்டரை வாங்கிய சித்தப்பாவும் ஓர் இடத்தில் சறுக்கினார். பழைய ஃபில்டரைக் கழற்றியபோது அதன் ரப்பர் கேஸ்கெட் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டது. கவனிக்காமல் புதியதை அதன்மேல் ஏற்றிவிட்டார். ஸ்டார்ட் செய்த சில நொடிகளில் தரை முழுக்கப் புது ஆயில். பக்கத்திலேயே நின்றதால் உடனே நிறுத்திவிட்டார். நான் போனபோது சித்தி மரத்தூள் கொட்டிக் கூட்டிக்கொண்டிருந்தார். "யூடியூப்ல இத சொல்லல போல" என்றார், சித்தப்பாவைப் பார்க்காமல். பழைய கேஸ்கெட் வந்துவிட்டதா என்று விரலால் தடவிப் பார்த்து, புது ரப்பரில் கொஞ்சம் ஆயில் பூசி, கையாலேயே திருகி, ரப்பர் தொட்டபின் முக்கால் சுற்று இறுக்கினால் போதும், ஸ்பேனர் போட்டு முறுக்க வேண்டாம் என்று அந்த ஃபில்டர் டப்பாவிலேயே படத்தோடு போட்டிருந்தது.

இறக்கிய கறுப்பு ஆயிலை என்ன செய்வது என்று அம்மா கேட்டார். எங்கள் ஊரில் கரையான் வராமல் இருக்க கதவு நிலைக்கு அடிப்பார்கள், மிச்சத்தை வாய்க்காலில் ஊற்றுவார்கள். எங்கள் கிணறு வாய்க்காலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அண்ணன் ஷெட்டில் கழிவு ஆயிலுக்கென்று ஒரு டிரம் இருக்கிறது, அவ்வப்போது ஒரு வண்டி வந்து எடுத்துப்போகும். எங்கள் டப்பாவும் அங்கே போனது.

இப்போது எங்கள் கொட்டகைச் சுவரில், சந்தனப் பொட்டுக்குப் பக்கத்தில், அப்பா சாக்பீஸால் எழுதியிருக்கிறார்: ஆயில் மாற்றிய தேதி, ஓடிய மணி நேரம், அடுத்து மாற்ற வேண்டிய தேதி. கீழே ஸ்டூலில் சீல் உடைக்காத ஒரு லிட்டர் டப்பாவும் ஒரு ஸ்பான்ஜும். சொட்டிய இடத்தில் புது சீல் போட்டாயிற்று, ஆனாலும் அம்மா அட்டையை எடுக்கவில்லை. சொட்டினால் தெரியட்டும் என்கிறார். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மெயினை நிறுத்திவிட்டு, ஆயாவின் மெஷின், இரண்டு ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் ஜெனரேட்டரில் போட்டு அரை மணி நேரம் ஓட்டுகிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வந்தபோது பின்னணியில் அந்தச் சத்தம் கேட்டது. போனை வாங்கிய ஆயாவிடம், "சத்தம் தொந்தரவா இருக்கா ஆயா?" என்றேன்.

மூக்கில் இருந்த டியூபைச் சரிசெய்துகொண்டு, "இன்னும் பத்து நிமிசம் ஓடணும்டி. உங்கப்பன் முன்னாடியே நிறுத்தப் பாக்குறான், நான்தான் கடிகாரத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்றார்.